வருமுன் காப்போம் குடிநீரை!

(பத்தாம் வகுப்பு மாணவி)



அரசு மருத்துவமனைக்கோ, வட்டாட்சியர் அலுவலகத்திற்கோ, பேருந்து நிலையத்திற்கோ நாம் செல்லும்பொழுது, சுவரோரமாகக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று நிற்பதைக் காண்கிறோம். அதைத் திறந்து வைத்தவர் யார், எந்த நாளில் திறந்து வைத்தார் என்பன பலகையில் அழகாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அதன் உள்ளே இருக்கும் வடிகட்டியைக் கடைசியாக மாற்றிய நாள் எது? இந்தக் கேள்விக்கு விடை தரும் அட்டையைத் தேடினால், அது பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை.

இயந்திரத்தை வாங்குவது ஒருநாள் வேலை. அதைக் காப்பதோ ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய வேலை. அரசு நிலையங்களில் இந்த வேலையைச் செய்வதற்குத் தனியார் நிறுவனத்துடன் எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டிற்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று பெயர். ஒப்பந்தம் என்றதும் இது பெரியவர்கள் கையெழுத்திடும் வெறும் காகிதம் என்று நாம் எண்ணிவிடலாகாது. நாம் குடிக்கும் நீர் நல்லதா கெட்டதா என்பது அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும் சில வரிகளைப் பொறுத்தது. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இயந்திரத்தின் உள்ளே

சவ்வூடு பரவல் பற்றி அறிவியல் பாடத்தில் நாம் படித்திருக்கிறோம். செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு, சவ்வின் வழியே நீர் தானாகவே செல்லும். செறிவு மிகுந்த பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் செல்லும், உப்பு பின்தங்கிவிடும். இதுவே எதிர் சவ்வூடு பரவல். மக்கள் இதை ஆர்.ஓ. என்று அழைக்கின்றனர். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியரான சௌரிராஜன் என்பவரும் 1960-ஆம் ஆண்டையொட்டி இதற்கேற்ற சவ்வை உருவாக்கினர். 1965-இல் அம்மாநிலத்தின் கோலிங்கா என்ற ஊரில் இம்முறையில் மக்களுக்குக் குடிநீர் வழங்கத் தொடங்கினர்.

அரசு நிலையங்களில் நாம் காணும் ஆர்.ஓ. இயந்திரத்தில் நீர் பல படிகளைக் கடந்து வருகிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் முதலில் மணல் வடிகட்டியில் இறங்கி மண்ணையும் கலங்கலையும் இழக்கிறது. அடுத்துக் கரி வடிகட்டி, நீரிலுள்ள குளோரினையும் கெட்ட வாடையையும் பிடித்துக்கொள்கிறது. பின்னர், சவ்வின்மேல் உப்புப் படியாமல் தடுக்கும் மருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்க்கப்படுகிறது. அதன்பின் நூல் சுற்றியது போன்ற ஒரு சிறு வடிகட்டி நுண்ணிய தூசியைத் தடுக்கிறது. இவ்வளவும் முடிந்த பிறகே உயர் அழுத்த மோட்டார் நீரைச் சவ்வுக்குள் தள்ளுகிறது. வெளிவரும் நீர் புற ஊதாக்கதிர் விளக்கின் அருகே ஓடி, எவர்சில்வர் தொட்டியில் சேர்ந்து, நம் குவளைக்கு வருகிறது.

இவற்றுள் ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் காவலாளி போன்றது. மணல் வடிகட்டியை எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவாவிட்டால், சிறு வடிகட்டி விரைவில் அடைபட்டுவிடும். கரி தன் ஆற்றலை இழந்துவிட்டால், குளோரின் தப்பிச் சென்று சவ்வை அரித்துவிடும். சவ்வோ இயந்திரத்தின் விலையுயர்ந்த உறுப்புகளுள் ஒன்று. மலிவான கரியை மாற்றச் சோம்பினால் விலைமிக்க சவ்வை இழக்க நேரிடும். மழைக்காலம் வருமுன் ஓர் ஓட்டை மாற்றாதவன், மழைக்குப் பின் கூரையையே மாற்றுவது போன்றது இது.

கண்ணுக்குத் தெரியாத பழுது

மின்விசிறி நின்றுவிட்டால் வகுப்பு முழுவதும் உடனே அறிந்துகொள்ளும். பேருந்து பழுதானால் சாலையிலேயே நின்றுவிடும். ஆனால் குடிநீர் இயந்திரம் அப்படியன்று. அது கெட்டுப்போன பின்னும் நீரைத் தந்துகொண்டே இருக்கும். அந்த நீரும் தெளிவாகவே இருக்கும். இதுதான் இதிலுள்ள பேராபத்து.

இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் கூறலாம்.

முதலாவது, புற ஊதாக்கதிர் விளக்கு. இவ்வகை விளக்குகளின் பயன்காலம் ஏறத்தாழ 9,000 மணி நேரம். இரவும் பகலும் எரிந்தால் 375 நாட்கள், அதாவது ஓராண்டுக்குச் சற்று மேல். அதன் பின்னும் விளக்கு நீல நிறத்தில் அழகாக எரியும். ஆனால் நாம் காணும் நீல ஒளி வேறு, கிருமியைக் கொல்லும் கதிர் வேறு. பின்னது கண்ணுக்குப் புலப்படாதது. அது மெல்ல மெல்லக் குறைந்துவிடுகிறது. விளக்கு எரிகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். கிருமிகளும் நிம்மதியாகவே இருக்கும்!

இரண்டாவது, சவ்வு. ஒரு கணக்கைப் பார்ப்போம். கிணற்று நீரில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ளன என்று வைத்துக்கொள்வோம். புதிய சவ்வின் வழியே வரும் நீரில் 90 மில்லிகிராம் இருந்தால், சவ்வு 94 விழுக்காடு உப்பைத் தடுக்கிறது என்பது பொருள். சில மாதங்களுக்குப் பின் அது 210 மில்லிகிராம் ஆகிறது. குடிநீருக்கான இந்தியத் தரக்கட்டுப்பாடு ஐ.எஸ். 10500, 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. ஆகவே நீர் நன்றாகவே இருக்கிறது என்று நாம் கூறிவிடுவோம். ஆனால் சவ்வின் தடுக்கும் ஆற்றல் 86 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. முன்பு கசிந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உப்பு கசிகிறது. மாதந்தோறும் அளந்து எழுதி வைத்தவருக்கே இந்தச் சரிவு தெரியும். நாக்குக்குத் தெரியாது.

மூன்றாவது, அளக்கும் கருவியே நம்மை ஏமாற்றக்கூடும் என்பது. நீரில் விட்டவுடன் எண் காட்டும் சிறிய டி.டி.எஸ். கருவியைப் பலர் பெரிதும் நம்புகின்றனர். அது கரைந்த உப்பைக் கணிக்குமேயன்றிக் கிருமியைக் காட்டாது. எண் குறைவாக இருக்கும் நீரிலும் கிருமி இருக்கலாம். மேலும் கரி வடிகட்டி குளோரினை நீக்கிவிடுவதால், தொட்டியில் தேங்கும் நீருக்கு வேறு பாதுகாப்பு இல்லை. தொட்டியையும் குழாயையும் கழுவாவிட்டால், சுத்தமான நீர் கடைசி அடியில் அசுத்தமாகிவிடும்.

தருமபுரி மாவட்டம் போன்ற இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. இதனால் பற்களில் கறை படிவதும், எலும்புகள் பாதிக்கப்படுவதும் உண்டு. இதனாலேயே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்படுத்தப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியத் தரம் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாதபோது 1.5 வரை இருக்கலாம் என்றும் வரையறுக்கிறது. இதற்குச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை. சவ்வு பழுதாகி இது கசிந்தால், குழந்தைகளின் பற்களே நமக்குச் செய்தி சொல்லும். அப்பொழுது காலம் கடந்துவிட்டிருக்கும்.

இருவகை ஒப்பந்தங்கள்

பழுதான பின் ஆள் அழைத்துச் சரிசெய்வது ஒரு முறை. பழுதாகும் முன்பே, குறித்த நாளில் வந்து சோதித்து, தேய்ந்தவற்றை மாற்றுவது மற்றொரு முறை. முன்னது பழுதுபார்த்தல், பின்னது முன்தடுப்புப் பராமரிப்பு. கெட்ட பின்னும் கெட்டதைக் காட்டிக்கொள்ளாத ஒரு பொருளுக்கு, பின்னதே ஏற்றது என்பது சொல்லாமலே விளங்கும்.

பராமரிப்பு ஒப்பந்தத்திலும் இருவகை உண்டு. ஒன்றில் நிறுவனம் ஆளை மட்டும் அனுப்பும். உதிரிப்பாகங்களின் விலையை அலுவலகமே தர வேண்டும். மற்றொன்று முழுமைப் பராமரிப்பு ஒப்பந்தம். இதில் உதிரிப்பாகங்களும் அடங்கும். முதல் வகை மலிவாகத் தோன்றும். ஆனால் சவ்வை மாற்ற வேண்டிய நாளில், "இது எங்கள் பொறுப்பன்று" என்று நிறுவனம் சொல்லும். "இதற்கு நிதி ஒதுக்கவில்லை" என்று அலுவலகம் சொல்லும். இருவரும் சொல்வது உண்மைதான். இடையில் தாகத்தோடு நிற்பவர் நோயாளியும் மாணவியும் அல்லரோ?

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இதைப் பற்றிப் பேசுகின்றன. பொருளின் விலையையும் தன்மையையும் கருதி, அதை விற்ற நிறுவனத்துடனோ தகுதியுள்ள வேறு நிறுவனத்துடனோ பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்றும், உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரே அதற்குப் பணம் தரத் தொடங்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. தமிழ்நாட்டில் அரசு வாங்கும் பொருள்களுக்கும் பணிகளுக்கும் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வழிகாட்டுகிறது. எனவே விதிகள் இல்லை என்று நாம் கூற முடியாது. அவற்றின்படி எழுதப்படும் ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறோம் என்பதே முக்கியம்.

கனடா நாட்டில் ஒரு பாடம்

எழுத வேண்டியதை எழுதாமலும், அளக்க வேண்டியதை அளக்காமலும் விட்டால் என்ன நேரும் என்பதற்கு உலகம் மறக்க முடியாத சான்று ஒன்று உண்டு. அது நிகழ்ந்தது வறுமை மிக்க நாட்டில் அன்று. செல்வம் மிக்க கனடாவில். அங்கு ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் ஏறத்தாழ 4,800 பேர் வாழ்ந்தனர். ஊராட்சியின் கிணறுகளிலிருந்து வரும் நீரில் குளோரின் கலந்து வீடுகளுக்கு வழங்கி வந்தனர்.

2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே பெருமழை பெய்தது. அருகிலிருந்த பண்ணை நிலத்துச் சாணத்திலிருந்த கிருமிகள், ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் மழைநீரோடு இறங்கின. அவற்றைக் கொல்லப் போதுமான குளோரின் நீரில் இல்லை. குளோரின் அளவை நாள்தோறும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டியவர்கள், அளக்காமலேயே ஓர் எண்ணை எழுதி வந்தனர். பதிவேடு ஒழுங்காக இருந்தது. நீர் ஒழுங்காக இல்லை. ஏழு பேர் இறந்தனர். சுமார் 2,300 பேர் நோயுற்றனர்.

நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் இதை விசாரித்து, 2002-இல் அறிக்கை அளித்தார். அக்கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் இடைவிடாது அளக்கும் கருவிகள் இருந்திருந்தால், இத்துன்பமே நேர்ந்திராது என்று அவர் கண்டார். மற்றொன்றும் வெளிப்பட்டது. 1996-இல் அரசு ஆய்வகங்கள் நகராட்சிகளின் நீரைச் சோதிப்பதை நிறுத்தியபின், அவ்வேலை தனியார் ஆய்வகங்களுக்குச் சென்றது. நீர் கெட்டிருந்தால் சுகாதார அதிகாரிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று எந்த விதியும் அவற்றைக் கட்டாயப்படுத்தவில்லை. மே 17-ஆம் நாளே ஆய்வகம் கிருமியைக் கண்டு, நீர் வழங்குவோருக்கு மட்டும் தெரிவித்தது. அவர்கள் அதை வெளியிடவில்லை. நீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்ற எச்சரிக்கை மக்களுக்குக் கிடைத்தது மே 21-ஆம் நாளில்தான்.

வேலையைத் தனியாரிடம் கொடுத்தது குற்றமன்று. வேலையைக் கொடுத்தபோது, கெட்ட செய்தியை யாரிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியை எழுதாமல் விட்டதே குற்றம்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

இப்பாடத்தை நம் ஊர் ஆர்.ஓ. இயந்திரத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். நல்ல ஒப்பந்தத்தில் கீழ்க்கண்டவை இருக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

1. எந்த வேலையை எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். "தேவையானபோது பராமரிக்கப்படும்" என்னும் வாக்கியத்தால் பயனில்லை. மணல் வடிகட்டியைக் கழுவுவது, சிறு வடிகட்டியை மாற்றுவது, தொட்டியைத் துப்புரவு செய்வது, விளக்கை மாற்றுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் காலம் குறிக்க வேண்டும்.

2. வேலையை மட்டுமன்றி, விளைவையும் எழுத வேண்டும். "மாதம் ஒருமுறை வருவோம்" என்பது வேலை. "நீர் ஐ.எஸ். 10500 தரத்தில் இருக்கும்" என்பது விளைவு. அத்தரத்தின்படி 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை என்னும் கிருமி ஒன்றுகூட இருத்தல் ஆகாது.

3. பராமரிப்பவரே பரிசோதிப்பவராகவும் இருக்கக் கூடாது. தேர்வு எழுதும் மாணவியே தன் விடைத்தாளைத் திருத்தலாமா? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் உள்ளன. குறித்த காலத்தில் நீரை அங்கு அனுப்பிச் சோதிக்கலாம்.

4. சோதனையில் நீர் தவறினால், அன்றே நிலையத் தலைவருக்கும் சுகாதாரத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். குழாயை மூட வேண்டும். மாற்று நீருக்கு வழி செய்ய வேண்டும்.

5. மாற்றப்பட்ட பழைய உறுப்பை அலுவலகத்தில் காட்டி, நாள் குறித்து, கையெழுத்துப் பெற வேண்டும். புதிதாக மாற்றினோம் என்று சொல்வதற்கும் மாற்றுவதற்கும் உள்ள இடைவெளி இதனால் அடைபடும்.

6. வராத முறைக்குப் பணம் பிடித்தம் செய்ய வேண்டும். ஆண்டுத் தொகையை முன்கூட்டியே கொடாமல், மூன்று மாதத்திற்கு ஒருமுறை, வேலை முடிந்தபின் கொடுப்பது நன்று. அதுபோலவே, வேலையை ஒழுங்காக முடித்தவருக்குப் பணத்தை இழுத்தடிக்காமல் கொடுப்பதும் அலுவலகத்தின் கடமை.

7. இயந்திரம் ஆண்டில் 98 விழுக்காடு நாட்களாவது இயங்க வேண்டும் என்பது போன்ற எல்லை தேவை. அவ்வாறு எழுதினால், ஆண்டுக்கு ஏழு நாட்களுக்கு மேல் அது நின்றிருக்கலாகாது.

8. ஒப்பந்தம் முடியும் நாளுக்குச் சில மாதங்கள் முன்பே அடுத்த ஒப்பந்த வேலையைத் தொடங்க வேண்டும். பழையது முடிந்து புதியது வராத இடைக்காலத்தில் இயந்திரத்திற்குப் பெற்றோர் இல்லை.

மலிவு எது?

அரசுப் பணம் மக்கள் பணம். ஆகவே குறைந்த விலையைத் தேடுவது நியாயமே. ஆனால் எந்த விலையை ஒப்பிட வேண்டும்? இங்கும் ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். முதல் நிறுவனம் 3,00,000 ரூபாய்க்கு இயந்திரம் தருகிறது. பின்னர் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் கேட்கிறது. இரண்டாம் நிறுவனம் 3,60,000 ரூபாய்க்கு இயந்திரம் தருகிறது. பராமரிப்புக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் கேட்கிறது. இயந்திர விலையை மட்டும் பார்த்தால் முதல் நிறுவனமே மலிவு. ஐந்து ஆண்டுகளையும் கூட்டினால் முதல் நிறுவனத்திற்கு 6,00,000 ரூபாய். இரண்டாவதற்கு 5,40,000 ரூபாய். எனவே இயந்திரத்தையும் பராமரிப்பையும் சேர்த்தே விலை கேட்பது அறிவுடைமை ஆகும். அவ்வாறு கேட்டால், தானே பின்னால் பராமரிக்க வேண்டும் என்பதை எண்ணி, நிறுவனமும் நல்ல உறுப்புகளைப் பொருத்தும்.

நம் முன்னோர் காட்டிய வழி

இவையெல்லாம் புதிய நாகரிகத்தின் கருத்துகள் என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். கி.பி. 921-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, குடவோலை முறையில் வாரியங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காப்பது அதன் பணி. உறுப்பினர் பதவிக்காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதி இழந்தனர்.

எண்ணிப் பாருங்கள்! நீரைக் காக்கத் தனிப் பொறுப்பாளர், குறித்த காலம், கட்டாயக் கணக்கு, கணக்குக் காட்டாதவருக்கு விலக்கு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய இந்நான்கையும் இன்று காகிதத்தில் எழுதினால், அதுவே நல்ல பராமரிப்பு ஒப்பந்தம் அன்றோ?

நாம் செய்யக்கூடியவை

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வயது நமக்கு இல்லை. எனினும் நம்மால் இயன்றவை சில உண்டு. பொது இடத்தில் நீர் அருந்தும்முன், பராமரிப்பு அட்டை தொங்குகிறதா என்று பார்க்கலாம். இல்லையெனில் பணிவுடன் கேட்கலாம். இயந்திரம் கழித்துவிடும் உவர்நீரைச் சாக்கடையில் விடாமல், தரை கழுவவும் கழிவறைக்கும் பயன்படுத்தச் சொல்லலாம். நீரின் தூய்மையை அறிய எளிய சோதனைக் குப்பி ஒன்று உள்ளது. இம்முறையை 1982-இல் நம் நாட்டு அறிஞர்களே வெளியிட்டனர். மலக்கழிவு கலந்த நீரை அதில் ஊற்றி வைத்தால், ஓரிரு நாட்களில் நீர் கறுத்துவிடும். ஆசிரியர் துணையுடன் அறிவியல் கழகத்தில் இதைச் செய்து பழகலாம். நம் பெற்றோருள் அரசு அலுவலர்களும், உள்ளாட்சி உறுப்பினர்களும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்போரும் உள்ளனர். அவர்களிடம் இக்கேள்விகளை எடுத்துச் சொல்வதும் ஒரு தொண்டே.

வசதி உள்ளவர் கடையில் புட்டி நீர் வாங்கிக்கொள்வர். அரசு மருத்துவமனையில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் தாய்க்கும், அரசுப் பள்ளியில் மதிய உணவு உண்ட பின் குழாயடிக்கு ஓடும் சிறுமிக்கும் அந்தக் குழாய்தான் உண்டு. அவர்கள் நீரைச் சோதிப்பதில்லை, நம்பிக் குடிக்கிறார்கள். அந்த நம்பிக்கை வீணாகாதபடி காப்பது, குறித்த நாளில் மாற்றப்படும் ஒரு சிறு வடிகட்டியும், அதை மாற்றியதை நேரில் பார்த்து உண்மையாகப் போடப்படும் ஒரு கையெழுத்துமே ஆகும். நாளை நம்மில் சிலர் அந்தக் கையெழுத்தைப் போடும் இடத்தில் அமர்வோம். அன்று பார்த்துப் போடுவோமாக!